விடுதிச் சோறும் வேதனமும்

விடுதிச்சாலையிலே குடியிருந்து கற்பிக்கும் ஆசிரியனுடைய வேலை எப்போது முடிகிறது? பிற்பகல் மணி அடித்ததும் வகுப்புக் கலைந்துவிடும். பின்னர் விளையாட்டு, கிணற்றடி, இராப்படிப்பு, விளக்கணைப்பு. நள்ளிரவிலே ஆறாம் வகுப்புப் பையனொருவன் காய்ச்சலில் முனகினால் எழுந்து போகிறவனும் அவனே. இத்தனைக்கும் மேலதிகமாக அவன் பெறுவது ஓர் அறை, மூன்று வேளைச் சோறு, 'தந்தைக்கு நிகரானவர்' என்னும் பட்டம். அறைக்கு வாடகை இல்லை. ஆகவே மறுத்துப் பேச வாயும் இல்லை.

இது புதிய சங்கதியன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துப் படிப்பித்தனர். எமது பெண்கல்விக்கு உடுவில் ஆற்றிய பணியைக் குறைத்துக் கூறுவது நன்றியீனமாகும். ஆயினும், வீட்டினின்றும் பிரித்து வளர்த்தால் பிள்ளையை மதம் மாற்றுதல் எளிது என்பது அவர்கள் மறைக்காத கணக்கு. செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளியின் பெயர் பல பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டது. சோறு போட்டவன் பெயரையும் போட்டான்!

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. மத்திய பாடசாலைகளின் விடுதிகளிலே புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துப் பிள்ளைகள் இடம் பெற்றனர். அந்தச் சோற்றுக்கு அவர்கள் எவருடைய பெயரையும் தாங்கவேண்டியதில்லை. அது உரிமைச் சோறு. பிள்ளையின் சோறு உரிமையாயிற்று. அதை ஆக்குகிறவரின் உழைப்போ 'தொண்டு' என்ற பழைய பெயரோடு நின்றுவிட்டது.

நாம் முன்னர் வாழ்ந்த ஒரு விடுதியில் ஆசிரியர் நால்வர் கூடி வாரத்தில் ஒருநாள் ஓய்வு கேட்டோம். நியாயமான கோரிக்கை, கிடைத்தது. வெற்றியைத் தேநீர் அருந்திக் கொண்டாடினோம். அந்தத் தேநீரைப் போட்டவர் குசினிக்காரர். அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, இரவு கடைசிக் கிடாரம் கழுவும்வரை நிற்பவர். குசினியை ஒட்டிய சார்ப்பிலே பாய் விரித்துப் படுப்பவர். சனி மாலை நாம் ஊருக்குப் போய்விடுவோம். அன்றிரவு பிள்ளைகளுக்குக் காவல் அவரே என ஒழுங்காயிற்று. யார் அந்த ஒழுங்கைச் செய்தது? எவரும் செய்யவில்லை. அவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான். எமக்கு நிருவாகம் செய்ததை நாம் அவருக்குச் செய்தோம்.

"பிள்ளைப் பராமரிப்புக்கு மணிக்கணக்குப் பார்ப்பதா?" என நிருவாகத்தார் கேட்பதுண்டு. இரவில் விடுதிப்பக்கம் வராதவர்களே இதனைப் பெரிதும் கேட்கிறார்கள் என்பது எமது அனுபவம். காய்ச்சற்காரப் பிள்ளையின் தலைமாட்டில் இருந்துகொண்டு கூலி பேச முடியாது, மெய்தான். ஆனால், விழித்திருந்தவன் மறுநாட் பகலில் உறங்குவதற்கு நேரம் ஒதுக்குவது கூலி பேசுவதாகுமா?

குசினிக்காரருக்கும் ஓய்வு வேண்டுமெனப் பிந்தியேனும் கேட்டோம். அவர்தாம் முதலில் மறுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை அடுப்பை ஆர் மூட்டுறது, மாஸ்டர்?"

நாம் முறைவைத்து மூட்டினோம். முதல் ஞாயிறு சோறு குழைந்தது, பிள்ளைகள் முகஞ்சுளித்தனர். அவரோ பழக்கம் விடாமல் நான்கு மணிக்கே எழுந்து, குசினி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்.