மானமும் மறைப்பும்

கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தை நாடியவனை 'மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டான்' என்று இகழ்வது நம்மவர் வழக்கம். அவ்விகழ்ச்சிக்கு அஞ்சியே, மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவருள் சிலர், நொடித்தபின் எவரிடமும் வழி கேளாது உள்ளூர நைகின்றனர். வழி கேட்டல் மானக்கேடாகுமா?

கடனாளியின் உடை, படுக்கை, சமையற் பாத்திரம், கைவினைஞனின் கருவி, சமய வழக்கப்படி மனைவி கழற்றலாகாத தாலி ஆகியவற்றை ஜப்தி செய்ய 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இசைவதில்லை. தந்தையின் கடனை அறக்கடமை என்னும் ஒரே காரணத்தால் மகன்மேல் சுமத்தும் பழைய நெறியை, புதுக் கடன்களைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நீக்கிற்று. கடன் பொருளைத் தொடலாம். வாழ்வின் வேரைத் தொடலாகாது என்பதே இவற்றின் உட்கருத்து.

எனினும், 'எதனை வைத்துக்கொள்ளலாம்?' என்று கேட்பது வேறு, 'எதனை ஒளிக்கலாம்?' என்று கேட்பது வேறு. நொடிப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் மைத்துனன் பெயருக்கு விலையின்றி எழுதிவைத்த வீட்டை நீதிமன்றம் மீட்கக்கூடும். சட்டம் மீட்காவிடினும் அறம் வினவும்: நம்பிக் கைமாற்றுத் தந்த அண்டை வீட்டாரும் குடும்பத்தாரல்லரோ?

ஆதலின் நொடித்தவர் முதலில் வழக்கறிஞரை அணுகுக. கட்டணம் தர இயலாத எளியோர்க்கும் மகளிர்க்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். அங்கே சொத்து, கடன் இரண்டையும் ஒன்றுவிடாது உரைப்பதே மானம். வழி கேட்பதில் இழிவில்லை, மறைப்பதிலேதான் உண்டு.