காத்தலும் ஆளுதலும்

படிவம் ஐந்தில் பயிலும் மாணவி ஒருத்தி, இலக்கிய வகுப்பு முடிந்தபின் என் மேசையருகே வந்து நின்றாள். கையில் தடித்த ஆங்கில நாவல் ஒன்று. கறுத்த அட்டையில் சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு பூ. அதன் இதழ் ஒன்று உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது. “ஐயா, இதில் வரும் காதலன் தன்னால் காதலிக்குக் கேடு நேரும் என்று அஞ்சி அவளைப் பிரிந்து போகிறான். போகும்போது, இனி அவள்மேல் விருப்பமில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறான். அது அன்புதானே?” என்று கேட்டாள்.

நான் சற்றும் எண்ணிப் பாராமல், “ஆம், அன்புதான். பிறர் நலம் கருதித் தன் இன்பத்தைத் துறப்பது உயர்ந்த அன்பு” என்று விடை கூறினேன். ஆசிரியர்க்கு உடனடி விடைகள் எப்போதும் கைவசம் உண்டு. அவள் தலையசைத்தாள், எனினும் அவள் முகம் தெளியவில்லை. “அவளைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டான், ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றாள்.

அச்சொல் என்னை விடவில்லை. நூலகத்தில் தேடி நான்கு தொகுதிகளையும் எடுத்துப் படித்தேன். பேய்க்கதை, பருவப் பெண்கள் படிக்கும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்ற ஒரு கதை, இளையோர் நெஞ்சில் காதலைப் பற்றி என்ன எழுதிச் செல்கின்றது என்று அறியாமல் அவர்க்கு அகப்பொருள் கற்பிக்க முற்படுவது முறையன்று.

அந்நாவல்களின் ஆசிரியர் ஸ்டெஃபனி மேயர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மூன்று ஆண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த இல்லத்தரசி அவர். 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு கண்ட கனவிலிருந்து கதை பிறந்தது என்று அவரே கூறியுள்ளார். புல்வெளியில் ஒரு பெண்ணும், அவளைக் காதலிக்கும் இரத்தக் காட்டேரி ஒருவனும் பேசிக்கொண்டிருக்கின்றனர். அவளை விரும்பும் அவனுக்கே அவள் குருதியின்மேலும் அடங்காத வேட்கை. இக்கனவே 2005இல் ‘டுவைலைட்’ என்னும் நாவலாயிற்று. அடுத்த மூன்று ஆண்டுகளில் ‘நியூ மூன்’, ‘எக்லிப்ஸ்’, ‘பிரேக்கிங் டான்’ ஆகியன ஆண்டுக்கொன்றாக வெளிவந்தன. 2008 முதல் 2012 வரை ஐந்து திரைப்படங்களும் வந்தன.

கதை நிகழும் இடம், வாஷிங்டன் மாநிலத்தில் மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூர். பதினேழு வயதுப் பெல்லா, காவல்துறைத் தலைவராய்ப் பணிபுரியும் தந்தையோடு வாழ அங்கு வருகின்றாள். வகுப்பில் அவளருகே அமரும் எட்வர்ட் தோற்றத்தால் பதினேழு வயதினன். உண்மையில் 1901இல் பிறந்தவன். 1918இல் உலகைச் சூறையாடிய இன்ஃப்ளுவென்சா நோயால் சிகாகோ நகரில் இறக்கும் நிலையிலிருந்தவனைக் கார்லைல் என்னும் மருத்துவர் இரத்தக் காட்டேரியாக்கிப் பிழைக்க வைக்கின்றார். கார்லைல் மனிதக் குருதியைத் தீண்டுவதில்லை என்று உறுதிபூண்டவர். விலங்கின் குருதியால் பசியாறுபவர். அவர் குடும்பமும் அவ்வழியே நடக்கின்றது.

இவ்விடத்தில் கதையின் மேன்மையைச் சொல்லாமல் விடலாகாது. பெல்லாவின் மணம் வகுப்பறையில் முதன்முதல் எட்டியபோதே எட்வர்ட் அவளைக் கொல்ல எண்ணுகின்றான். தன்னையே நம்பாமல் சில நாள் ஊரைவிட்டு அகல்கின்றான். பின்னர்த் திரும்பி வந்து நாள்தோறும் அவளருகே அமர்ந்து தன் பசியோடு போரிடுகின்றான். முதல் நூலின் இறுதியில், வேறொரு காட்டேரி பெல்லாவின் கையைக் கடித்துவிட, அந்த நஞ்சை உறிஞ்சி எடுக்கும் கடமை அவனுக்கே நேர்கின்றது. ஏங்கிய குருதி வாயில் நிறையும் அந்த நொடியில் அவன் நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்துகின்றான். வலிமையுடையவன் தன் வலிமையை அடக்கிக்கொள்வதே ஆண்மை என்னும் கருத்தை இதனினும் கூர்மையாகக் காட்டும் காட்சி இக்கால இளையோர் நாவல்களில் அரிது. அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழியினர்க்கு இது புதிதன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்புமைகள் பத்தைக் கூறுகின்றார். அவற்றுள் ஆண்டும் ஒன்று; நிறையும் ஒன்று; அருளும் ஒன்று. எட்வர்டிடம் நெஞ்சை நிறுத்தும் நிறை உண்டு, அருளும் உண்டு. ஆண்டில் மட்டும் ஒப்பு இல்லை. நூறாண்டு வாழ்ந்தவன் அவன். அவளோ பள்ளி மாணவி. அவனுக்கு விரைவும் வலிமையும் செல்வமும் மிகுதி. பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றலும் உண்டு. ஒப்பில்லாத இடத்தில் அன்பு என்ன ஆகும் என்பதே இக்கதை தன்னை அறியாமல் எழுப்பும் வினா என்பேன்.

இரண்டாம் நூலான ‘நியூ மூன்’, பெல்லாவின் பதினெட்டாம் பிறந்தநாளோடு தொடங்குகின்றது. பரிசைப் பிரிக்கையில் தாள் அவள் விரலை அறுக்கின்றது. ஒரு துளிக் குருதி. எட்வர்டின் குடும்பத்தாருள் ஒருவனே நிலைதவறி அவள்மேல் பாய்கின்றான். அஞ்சிய எட்வர்ட் சில நாளில் அவளைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, தனக்கு அவள் வேண்டாம் என்று கூறிப் பிரிகின்றான். அவள் நம்பிவிடுகின்றாள். நெடுநேரம் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என எண்ணியிருந்தவன், அவள் அத்துணை எளிதில் நம்பியதைக் கண்டு திகைத்ததாகப் பின்னர் ஒப்புக்கொள்கின்றான். தன்னை ஒருவன் காதலிப்பதே வியப்பு என்று எண்ணுபவளுக்கு, அவன் காதலிக்கவில்லை என்னும் செய்தி வியப்பாகத் தோன்றுமா? அடுத்த பக்கங்களில் மாதங்களின் பெயர்கள் மட்டுமே உள்ளன. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. வேறொன்றும் இல்லை. வெறுமையை வெற்றுத் தாளால் சொன்ன உத்தி எனக்குப் பிடித்திருந்தது.

என் மாணவியின் வினாவுக்கு வருவோம். எட்வர்ட் செய்தவை இரண்டு. அவற்றை ஒன்றாகக் கருதியதே நான் செய்த பிழை. அவன் பிரிந்தான்; அவன் பொய்யும் சொன்னான். பிரிதல் அவனுக்குரிய உரிமை. ஒருத்தியோடு வாழ்வதா, விலகுவதா என்று முடிவு செய்ய அவனுக்கு இடமுண்டு. ‘உன்னை விரும்புகின்றேன், ஆயினும் அஞ்சுகின்றேன், ஆகவே போகின்றேன்’ என்று கூறிச் சென்றிருந்தால் அவள் அழுதிருப்பாள், சினந்திருப்பாள், வாதிட்டிருப்பாள். அவை யாவும் அவளுக்குரியவை. அவன் பொய்யோ அவள் என்ன எண்ண வேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்தது. தன் வாழ்வைத் துறந்தவன் தியாகி. பிறர் அறிவைக் கைப்பற்றியவனை எப்படி அழைப்பது? விளைவும் அவன் எண்ணியவாறு அமையவில்லை. அவள் கடல்பாறையிலிருந்து குதிக்கின்றாள். அவள் இறந்தாள் என்னும் தவறான செய்தியை நம்பி அவன் சாவைத் தேடி இத்தாலியின் வோல்தெர்ரா நகருக்குச் செல்கின்றான். அவனைக் காக்க அவளே கடல் கடந்து ஓட வேண்டியிருந்தது.

மூன்றாம் நூலில் நோய் முற்றுகின்றது. ஜேக்கப் என்னும் நண்பனைக் காணப் பெல்லா போகாதவாறு, அவளுடைய வண்டியின் எந்திரத்திலிருந்து ஓர் உறுப்பைக் கழற்றி வைக்கின்றான் எட்வர்ட். தான் இல்லாத நாள்களில் அவளைக் காவலில் வைக்கத் தன் தங்கை ஆலிசுக்குப் புதிய போர்ஷே காரைக் கையூட்டாகத் தருகின்றான். இந்நிகழ்ச்சிகளை ஆசிரியர் நகைச்சுவையோடு எழுதுகின்றார். நானும் முதலில் சிரித்தேன். பிறகு, இதே செயலை நம் ஊரில் ஒரு கணவன் செய்தால் எப்பெயரால் அழைப்போம் என்று எண்ணிப் பார்த்தேன். ஜேக்கப்பும் இதில் சளைத்தவன் அல்லன். அவள் விரும்பாதபோது வலிந்து முத்தமிடுகின்றான். சினந்து அவனை அறைந்தவளுக்குக் கைதான் முறிகின்றது. தந்தையோ, அதுவும் காவல்துறைத் தலைவர், அவனைப் பாராட்டுகின்றார்! இக்காட்சியை மாணவர்க்கு விளக்கம் இன்றிக் கடந்துபோகவிடும் ஆசிரியரும் பெற்றோரும் தம் கடமையில் தவறியவராவர்.

எட்வர்டின் பக்கத்தில் நின்று ஒருவர் வாதிடலாம். ஆபத்து மெய்யானது, அவன் வீண் அச்சம் கொள்ளவில்லை, அறிந்தவன் அறியாதவளைக் காப்பதில் குற்றம் என்ன? இவ்வாதத்துக்குக் கதையே ஒரு விடையை வைத்திருக்கின்றது. கார்லைல் எட்வர்டைக் காட்டேரியாக்கியபோது அவனைக் கேட்கவில்லை. சாகும் தறுவாயில் இருந்தவனைக் கேட்க இயலாது. அவன் தாய் தன் இறுதி நேரத்தில் மகனைக் காக்குமாறு மன்றாடியிருந்தாள். அத்தகைய இக்கட்டில் பிறர்க்காக முடிவு செய்வோரை நாம் குறை கூறுவதில்லை. பெல்லாவோ மயங்கிக் கிடக்கவில்லை. விழித்திருந்தாள், வாதிட்டாள், தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொன்னாள். அத்தகையவளைக் காப்பதாகச் சொல்லி அவளுக்காக முடிவு செய்வது, விழித்திருப்பவளை மயங்கியவளாக நடத்துவதே ஆகும்.

உயிர் காத்த செயலும் புண்ணை விட்டுச் செல்லும் என்பதை ரோசலி காட்டுகின்றாள். மணம் பேசிய ஆடவனும் அவன் நண்பர்களும் அவளைச் சிதைத்துத் தெருவில் விட்டுச் செல்ல, கார்லைல் அவளைக் காட்டேரியாக்கிப் பிழைக்க வைக்கின்றார். அழியாத அழகும் முடியாத வாழ்நாளும் பெற்றவள், குழந்தை பெறவும் நரைத்து மூப்படையவும் ஏங்குகின்றாள். தனக்கு வாய்க்காத தேர்வைப் பெல்லா வீணாக்குகின்றாளே என்பதே அவள் வருத்தம். அவள் பெல்லாவின் விருப்பத்தை எதிர்க்கின்றாள். ஆனால் எதிரே அமர்ந்து, தன் கதையைச் சொல்லி எதிர்க்கின்றாள். எந்திரத்தில் கை வைக்கவில்லை. கதையில் நாம் கற்கத்தக்க இடம் இது என்று எனக்குத் தோன்றுகின்றது. அன்புடையோர் மறுக்கலாம், கெஞ்சலாம், கண்ணீரும் விடலாம். உண்மையை மறைக்காமல் செய்யும் வரையில் அது காத்தலே.

பெல்லா எப்போதும் பிறரால் காக்கப்படுபவளாக இருக்கின்றாள் என்னும் குறையைத் திறனாய்வாளர் பலர் கூறினர். அதற்கு மறுமொழியாக மேயர் 2015இல், ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி, முதல் கதையையே ‘லைஃப் அண்ட் டெத்’ என்னும் பெயரில் மீண்டும் எழுதினார். எளியவர் எவராயினும் காக்கப்பட வேண்டியவரே என்பது அவர் கருத்து. அது உண்மையே. ஆயினும் என் மாணவியின் வினாவுக்கு அது விடையாகாது. ஆண் பெண்ணை ஆண்டாலும், பெண் ஆணை ஆண்டாலும், கேட்காமல் ஆள்வது கேட்காமல் ஆள்வதே.

இதனை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தயங்கினேன். பல்லாண்டுகளுக்கு முன் என் மகள் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர விரும்பினாள். அதற்குரிய விண்ணப்பப் படிவம் என் பெயருக்கு வந்தது. தனியே அத்துணைத் தொலைவில் அவள் இருக்க வேண்டா என்று எண்ணி, அதனை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். இறுதி நாள் கடந்தது. ‘படிவம் வரவில்லை போலும்’ என்றேன். அவள் உள்ளூரிலேயே படித்தாள், நன்றாகவே வாழ்கின்றாள். அவள் நலம் கருதியே செய்தேன் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியின் உறுப்பைக் கழற்றிய எட்வர்டும் அவ்வாறே சொல்லிக்கொண்டிருப்பான்.

எட்வர்ட் மாறுகின்றான் என்பதையும் சொல்ல வேண்டும். நண்பனைக் காண்பதும் காணாததும் அவள் முடிவுக்கு உரியது என்று மூன்றாம் நூலிலேயே இணங்குகின்றான். நான்காம் நூலில் அவள் கருவுற்றுச் சாவை நெருங்கும்போது பழைய பழக்கம் மீள்கின்றது; கருவை நீக்கக் கார்லைலோடு அவனே முடிவு செய்கின்றான். பெல்லா அவனை விடுத்து ரோசலியின் துணையை நாடுகின்றாள். பிறகு ஒருநாள் கருவிலுள்ள குழந்தையின் எண்ணம் அவன் செவிக்கு எட்ட, மனம் மாறுகின்றான்.

எல்லார் மனத்தையும் படிக்க வல்ல எட்வர்டுக்குத் தொடக்கம் முதலே பெல்லாவின் மனம் மட்டும் எட்டியதில்லை. அது அவனை வருத்திக்கொண்டே இருந்தது. இறுதி அத்தியாயத்தில், தானும் காட்டேரியாகி, தன் மனத்தைச் சூழ்ந்த கேடயத்தை ஆளக் கற்றுவிட்ட பெல்லா, தானாகவே அதனை விலக்கித் தன் நினைவுகளை அவனுக்குக் காட்டுகின்றாள். நான்கு நூல்களிலும் அவனால் எடுக்க முடியாத ஒன்றை அவளே தருகின்றாள்.

அவ்வத்தியாயத்தை முடித்த இரவில் மகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். படிவத்தைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை.

“இழுப்பறையில் இருந்தது எனக்கு அப்போதே தெரியும், அப்பா” என்றாள்.

பிறகு, பேரனுக்குப் பள்ளியில் நடந்த ஓட்டப் போட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.