உப்பு நீரின் நியாயம்

அறியாமை என்றால் நீங்க வேண்டிய ஒன்று என்றுதான் வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். ஒருவர் தானே ஒப்புக்கொண்டு ஏற்கும் அறியாமையும் உண்டா, அதற்கு அறமதிப்பு உண்டா என்று என்னை யோசிக்கவைத்தது ஒரு மருத்துவச் சோதனை.

ஆஸ்லர்-வெபர்-ரெண்டு நோய் பரம்பரையாக வரும் இரத்தக்குழாய்க் கோளாறு. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்கவேண்டிய நுண்குழாய்கள் சில இடங்களில் அமைவதில்லை. அங்கே மெல்லிய சுவர்கள் எளிதில் உடைந்து இரத்தம் வரும், பெரும்பாலும் மூக்கில். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதற்காக மூக்குக்குள் அடிக்கும் மூன்று மருந்துகளை வட அமெரிக்காவில் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்று, புற்றுநோய்க்குத் தரும் பெவாசிசுமாப். மற்றொன்று, எஸ்ட்ரியால் என்ற பெண் ஹார்மோன். மூன்றாவது, மாதவிடாயில் அதிகம் இரத்தம் போனால் நம் மருத்துவர்களும் எழுதித்தரும் டிரானெக்ஸாமிக் அமிலம். 121 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். நான்காம் குழுவுக்கு வெறும் உப்பு நீர். 12 வாரம், நாளுக்கு இருமுறை. தனக்கு வந்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரத்தம் வடிய நிற்பவளிடம் உப்பு நீரைக் கொடுத்துவிட்டுக் கணக்கெடுப்பதா? 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் கருத்தடை மாத்திரையை விழுங்கிய பெண்களிடம் அது சோதனை என்பதே சொல்லப்படவில்லை. அந்த வரலாற்றின் தொடர்ச்சிதானா இதுவும்?

இல்லை. இங்கே சேர்ந்தவர்களுக்கு, தமக்கு எது தெரியாது என்பது தெரியும். அங்கே அதுவே மறைக்கப்பட்டது. தெரியாமலிருக்கச் சம்மதிப்பதும் தெரியவிடாமல் வைக்கப்படுவதும் ஒன்றல்ல.

முடிவு என்ன? மூன்று மருந்தில் ஒன்றுகூட உப்பு நீரை வெல்லவில்லை. ஆனால் நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் நான்கு குழுவிலும் குறைந்திருந்தது. உப்பு நீர்க் குழு இல்லாதிருந்தால் மூன்றுமே பலன் தந்ததாகத் தோன்றியிருக்கும். நாளை இதே நோயோடு பிறக்கும் பெண் அந்த விலையுயர்ந்த மருந்தை நம்பிக் காசைக் கரைத்திருப்பாள். அவளைக் காத்தது உப்பு நீரை ஏற்றவர்களின் பங்கு.

ஆனாலும் இந்த நியாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வேறு சிகிச்சைக்குப் பணமில்லாததால் மட்டுமே ஒருத்தி கையெழுத்திடுகிறாள் என்றால், அதைச் சம்மதம் என்று என்னால் சொல்ல முடியாது. மறுக்க வழியிருப்பவளின் 'சரி'க்குத்தான் மதிப்பு.

என் முப்பதுகளில் இரத்தசோகை என்று மருத்துவரிடம் போனேன். "லேடீஸுக்கு இது சகஜம்மா" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரியாதுதான், ஆனால் அந்தத் தெரியாமை அவரை உறுத்தவில்லை. அந்தச் சோதனையிலோ உப்பு நீர் பெற்றவரின் ஒவ்வொரு இரத்தப்போக்கும் கணக்கில் ஏறியது.

போன மாதம் மறுபடி மருத்துவரிடம் போனேன். அவர் கேட்பதற்கு முன்பே, தேதியும் நாப்கின் எண்ணிக்கையும் எழுதிய தாளை மேசைமேல் வைத்தேன்.