நீரும் வடிதுணியும்

ஓர் ஓடையின் நீர் தூயதா, தூயதன்றா எனத் தீர்ப்புக் கூறும் தகுதி யாருக்குண்டு? கரையில் நின்று மந்திரம் ஓதுபவருக்கா? மேலே தெளிந்திருக்கக் கண்டு இரு கையாலும் அள்ளிப் பருகும் வழிப்போக்கருக்கா? அல்லது அந்நீரையே வீடாகக் கொண்டு அதனுள்ளேயே மூச்சுவிட்டு வாழும் சிற்றுயிர்களுக்கா?

சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் வாழும் நம்மவர்க்கு இக்கேள்வி புதிதன்று. திருப்பதிக்குத் தெற்கே ஓடும் சுவர்ணமுகியைத் தமிழர் பொன்முகலி என்றனர். அது சந்திரகிரிப் பக்கத்து மலைகளிலிருந்து வந்து, திருக்காளத்தியைத் தொட்டு, வங்கக்கடலில் சேர்கின்றது. சித்தூர் வழியே செல்லும் நீவா ஆறு தமிழ்நாட்டில் பொன்னையாறு என்னும் பெயர் பெற்றுப் பாலாற்றோடு கலக்கின்றது. இரண்டும் மழையை நம்பிய ஆறுகள். 2021 நவம்பரில் சுவர்ணமுகி கரைபுரண்டு ஊர்களை அலைக்கழித்தது; கோடையிலோ மணலே ஆறு. அம்மணலின் நடுவே அப்போது ஒழுகுவது பெரும்பாலும் ஊர் கழித்துவிட்ட நீரே. 2011 குடிக்கணக்கில் திருப்பதி நகரத்தார் ஏறத்தாழ 2,87,000 பேர். மலையேற வருவோர் நாள்தோறும் பல பதினாயிரம் பேர். பெயரில் பொன் இருப்பதால் நீரிலும் பொன் இருக்க வேண்டுமென்பதில்லை.

நீரின் தூய்மை என்னும் சொல்லை நம்மவர் எச்சரிக்கையோடு கேட்பதற்குக் காரணமுண்டு. 1927 மார்ச்சு 20இல் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரின் சவதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். உடன் வந்தோரும் அருந்தினர். குளம் தீட்டுப்பட்டதெனக் கூறிய மேற்சாதியார், சாணமும் கோமயமும் பாலும் தயிரும் கலந்த நீரை 108 குடங்களில் கொட்டிச் சுத்தி செய்தனர். இன்று எந்தப் பரிசோதனைக் கூடத்தாரைக் கேட்டாலும் சொல்வர்: மனிதன் ஒரு கை நீர் அள்ளியதால் குளத்துக்கு நேர்ந்த கேடு ஒன்றுமில்லை; அழுக்குக் கூடியது அந்தக் குடங்களால்தான்.

எங்ஙனமெனில், நீருக்குள் வாழும் உயிர்க்கும் பிராணவாயு வேண்டும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உள்ளது. முப்பது பாகை வெப்பமுள்ள நீரில் கரைந்து நிற்கக் கூடியதோ ஏழரை மில்லிகிராம் அளவே. மீனும் நண்டும் இந்த ஏழ்மையில்தான் குடித்தனம் நடத்துகின்றன. அந்நீரில் சாணமோ, தயிரோ, சோற்றுக் கஞ்சியோ கொட்டப்பட்டால் அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, இருக்கும் பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. மாதிரி நீரைக் குப்பியில் அடைத்து, 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, எவ்வளவு பிராணவாயு செலவாயிற்றென்று அளப்பர். குளிக்கத் தகுந்த நீரில் இச்செலவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கரைந்துள்ள பிராணவாயு 5க்குக் குறையலாகாது என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. மீன்வளத்திற்கு 4 இருந்தால் போதுமென்று அதே பட்டியல் கூறுகின்றது. மீனிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை!

ஆயினும் குப்பி, நிரப்பிய அந்த வேளையின் செய்தியை மட்டுமே சொல்லும். நேற்றிரவு கழிவை விட்டவன் இன்று காலை நல்லவனாக நிற்கலாம். ஓடையின் அடிக்கல்லைப் புரட்டிப் பாருங்கள்: வாலில் மூன்று மயிரிழை கொண்ட, மெல்லிய உடம்புள்ள ஒரு சிறு பூச்சி அங்கே ஒட்டியிருந்தால், பல வாரங்களாக அந்நீரில் மூச்சுக்குக் குறைவில்லை என்று பொருள். மணலையும் குச்சியையும் தன் வாய்நூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுவும் அப்படியே. சேஷாசல மலையின் சுனைகளிலும் ஓடைகளிலும் தேட வேண்டியவை இவை. தும்பியின் இளம்பருவமும் நத்தையும் ஓரளவு அழுக்கைத் தாங்கும். இரத்தச் சிவப்பான சிறு புழுக்கள் மட்டும் சேற்றில் மொய்த்தால் நீர் மூச்சிழந்தது என அறிக. நம் இரத்தத்தைச் சிவக்கச் செய்யும் பொருளே அவற்றின் உடலிலும் இருப்பதால், பிறவுயிர் மடியுமிடத்தில் அவை பிழைக்கின்றன. இச்சாட்சிகளை விலைக்கு வாங்க ஒருவராலும் ஆகாது.

சித்தூர் மாவட்டம் மாங்கூழ் ஆலைகளுக்குப் பேர்போனது. கோடையின் கடைசியில் கிளிமூக்கு மாம்பழம் வண்டி வண்டியாய் வருகின்றது. மாஞ்சாறு நஞ்சா? குழந்தைக்குக் கொடுக்கிறோம். அதே இனிப்பு, கழுவுநீரோடு சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் விழுமாயின், மீனுக்கு மூச்சடைப்பு. அதுவும் ஓடையில் நீர் வற்றி, வெப்பத்தால் பிராணவாயு குறைந்து நிற்கும் காலத்திலேயே விழும். ஆகவே ஒரு பொருளைத் தன்னியல்பில் தீட்டென்றோ தூய்தென்றோ பகுப்பது அறியாமை. எங்கே, எவ்வளவு, யார் தலையில் கொட்டினோம் என்பதே வழக்கு.

இங்கேதான் இடர்ப்பாடு. வினைக்கு வேர் எண்ணமே என்பது நம் போதனை. கழுவுநீரைத் திறந்துவிடும் தொழிலாளி மீனைக் கொல்ல எண்ணினானா? இல்லை. முதலாளி எண்ணினாரா? அவரும் இல்லையென்பார். அப்படியாயின் செத்துக் கிடக்கும் மீனுக்குக் கணக்கு யார் பெயரில்? பிக்குகளுக்குரிய பாதிமோக்கத்திலும், உயிருள்ள நீரென்று அறிந்தே அதனைப் பயன்படுத்துவதுதான் குற்றமென உள்ளது. அறியாதவன் தப்பினான் என்றால், பாராமலிருப்பதே ஆதாயமான தொழிலாகிவிடும்.

பகவன் இந்த வாசலைத் திறந்து வைக்கவில்லை. பிக்குவுக்குரிய எட்டுப் பொருள்களில் நீர் வடிதுணியும் ஒன்றாயிற்று. கோசல நாட்டில் இருவர் வழிநடந்தபோது, மனவேறுபாட்டால் ஒருவர் தம் வடிதுணியைத் தர மறுக்க, மற்றவர் தாகத்தால் மாண்டார் என்று சுல்லவக்கம் கூறும். அதன்மேல், கேட்டால் மறுக்கலாகாது, வடிதுணியின்றிப் பயணம் புறப்படலாகாது, இல்லையேல் சீவரத்தின் ஓரத்தையேனும் அதற்கெனக் குறித்துக்கொள்ள வேண்டும் என விதிக்கப்பட்டது. அறிந்து செய்வதே குற்றம். ஆனால் அறிவதற்கான கருவியைக் கையில் வைத்திருப்பதும் கடமை. அந்தத் துணியால் காக்கப்பட வேண்டியவருள் தாகித்த மனிதரும் ஒருவர் என்பதையும் மறவாதீர்.

பொன்னையாறு போய்ச் சேரும் பாலாற்றின் கரையில் இதையே நீதிமன்றமும் வேறு மொழியில் சொல்லிற்று. தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானமை எடுத்துக்காட்டப்பட்டது. 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம், தன் செயலால் தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆலைக்காரருடையது, கெடுத்தவரே ஈடுகொடுக்க வேண்டும் என்று தீர்த்தது.

‘ஆலையைக் குறை சொன்னால் கூலி போகுமே’ என்பீர். அந்த அச்சத்தை யான் எளிதாகத் தள்ளேன். இருபதாண்டுக்கு மேல் நூற்பாலையில் உழைத்தவன். வாய்க்காலில் ஓடும் சாயத்தின் நிறங்கண்டு, அடுத்த வாரம் சந்தைக்கு வரும் புடைவையின் நிறத்தைச் சொல்லிவிடுவோம். பருவக் கூலிக்கு மாம்பழம் நறுக்கும் நம் பெண்மக்களை வீட்டுக்கனுப்பி ஓடையைக் காப்பது தாகித்தவனுக்குத் துணியை மறுப்பதேயாகும். சுத்திகரிப்பின் செலவை இலாபம் பெறுபவர் ஏற்கட்டும் என்றே கேட்கிறோம். கேட்பதற்குக் கையில் சான்று வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டா. கொசுவலைத் துண்டைக் கம்பி வளையத்தில் தைத்துக்கொள்க. ஆலைக்கு மேற்புறம் ஓரிடம், கீழ்ப்புறம் ஓரிடம் தெரிந்துகொண்டு, நீரோட்டத்திற்கெதிரே வலையை ஊன்றி, அதன் முன்னுள்ள கற்களைக் காலால் கலைத்தால் உயிர்கள் வலைக்குள் வந்து சேரும். வெண்ணிறத் தட்டில் நீரோடு இறக்கி, இன்னது இத்தனை என நாளிட்டு எழுதுக. மாம்பழப் பருவத்துக்கு முன்னொரு முறையும், நடுவிலொரு முறையும், மழை தொடங்கிய பின்னொரு முறையும் ஒரே இடத்தில் பார்த்தல் வேண்டும். எண்ணி முடிந்ததும் தட்டை எடுத்த இடத்திலேயே மெல்லக் கவிழ்க்க வேண்டும். வெயிலில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருத்தல் ஆகாது.