வரவு செலவைப் பிள்ளையிடம் சொல்லலாமா?

பிளசன்டனில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் நம் வீடுகளில் கல்லூரிப் பட்டியல் தயாராகிறது. "நீ படி, பணத்தை அப்பா பார்த்துக்கொள்கிறேன்" என்கிறோம். ஏப்ரலில் அனுமதிக் கடிதமும் கட்டண விவரமும் வந்தபின் "முடியாதும்மா" என்கிறோம். இது அறமாகுமா?

நன்மைக்காகத்தானே மறைத்தோம் என்று வள்ளுவரைத் துணைக்கு அழைப்போம். அவர் கேட்டது குற்றமற்ற நன்மை. கடைசியில் பிள்ளையின் கண்ணீரில் முடியும் மறைப்பு அதில் சேராது.

கணக்கை முன்பே பார்க்க வழி உண்டு. 2011 அக்டோபர் முதல், மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் சேர்ந்த கல்லூரிகள் நிகரச் செலவைக் கணக்கிடும் வசதியைத் தம் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். அரசின் ஃபாஃப்சா படிவம் நாம் குடியிருக்கும் வீட்டைச் சொத்தாகக் கேட்பதில்லை. பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சி.எஸ்.எஸ். படிவம் கேட்கிறது. கையில் காசில்லாதவரும் வீட்டு விலையால் செல்வந்தராகத் தெரியலாம். ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளோ மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் தேவையை மட்டுமே பார்க்கின்றன.

ஆகவே பட்டியலில் முதலில் எழுத வேண்டியது, உதவியே வராவிட்டாலும் நம்மால் அனுப்ப முடிந்த கல்லூரி. சிவா விஷ்ணு கோவில் உள்ள லிவர்மோரிலேயே லாஸ் பொசிடாஸ் கல்லூரி இருக்கிறது. அங்கே இரண்டாண்டு படித்து, உரிய தகுதி பெற்றால், டேவிஸ் உள்ளிட்ட ஆறு யு.சி. வளாகங்களில் ஒன்றில் உறுதியான இடம் கேட்கலாம். இதில் தலைகுனிவு ஏதுமில்லை.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு உண்மையைத் தாங்கும் வலிமை உண்டு. சொல்லத் தயங்குவது பெரும்பாலும் நம் கௌரவம்தான்.