காத்திருக்கும் நிலத்துக்கு யார் பிணை?

திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரின் நீலி கதை தமிழ்நாடு அறிந்தது. பழிவாங்க வந்த பேயான நீலிக்கு அஞ்சிய வணிகனின் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொன்ன வேளாளர் எழுபது பேர், அவன் கொலையுண்டதும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். பேயையும் பழிவாங்கலையும் ஒதுக்கிவிட்டாலும் கதையில் ஓர் அறம் மிஞ்சுகிறது: நம்பச் சொன்னவர், நம்பியவனுக்கு நேர்ந்த கேட்டுக்குப் பொறுப்பு. இதே வட்டாரத்தில் ஒரு விவசாயியிடம் அரசு, 'உன் நிலம் பொதுக் காரியத்துக்கு வேண்டும்' என்று அறிவித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்தால், அந்த ஆண்டுகளுக்குப் பிணை யார்?

நிலத்தைக் கட்டாயமாக எடுக்கலாமா கூடாதா என்பது பெரிய வழக்கு. அதை இங்கே தொட வேண்டியதில்லை. எடுப்பது சரி என்றே வைத்துக்கொண்டாலும், எடுப்பேன் என்று சொல்லிவிட்டு எடுக்காமலும் விடாமலும் வைத்திருப்பது தனியாக ஒரு தவறு.

திருத்தணிப் பக்கத்து மக்களுக்கு இது புதிதில்லை. திண்டிவனம்–நகரி ரயில் பாதை 2006-07இல் அனுமதி பெற்றது. நிதியும் நில எடுப்பும் மாறி மாறித் தடுத்ததில், முழுப் பாதையிலும் இன்னும் ரயில் ஓடவில்லை. திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையின் குடிநீருக்காகக் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கப் பணி 2013இல் தொடங்கியது. இழப்பீட்டுப் பிணக்குகளையும் வழக்குகளையும் தாண்டித் திறப்பு விழா கண்டது 2020 நவம்பரில்.

இத்தகைய காலத்தில் வயலில் நடப்பதைக் கோப்பு காட்டாது. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில்தான். ஆகவே கரும்பையே எடுத்துக்கொள்வோம். நட்டால் வெட்ட ஏறக்குறைய ஓராண்டு. செலவு போக ஏதாவது கையில் நிற்பது பெரும்பாலும் மறுதாம்பில், அதாவது இரண்டாம் ஆண்டில். இரண்டாண்டுக்கு நிலம் தன்னுடையதாக இருக்கும் என்று தெரியாதவன் கரணை வாங்கமாட்டான். மா வைக்கிறவன் அதைவிட நீண்ட கணக்குப் போட வேண்டும். எடுப்பு அறிவிப்பில் சர்வே எண் வந்துவிட்ட நிலத்தை நல்ல விலைக்கு விற்க முடியாது; அடமானம் வைக்கப் போனால் வங்கி தயங்கும்; புதிதாக ஆழ்துளைக் கிணறு போட மனம் துணியாது. பட்டா அவன் பெயரில் இருக்கும், எதிர்காலம் மட்டும் அவன் கையில் இருக்காது. இப்படிப் போன ஆண்டுகளைப் பிற்பாடு எந்தத் தொகையாலும் உழ முடியாது.

இதன் கொடிய வடிவத்தைக் கடலூர் மாவட்டம் மேல்வளையமாதேவியில் நாடு பார்த்தது. 2023 ஜூலை 26 அன்று, என்எல்சி நிறுவனத்தின் சுரங்க விரிவாக்கத்துக்கான பரவனாற்றுக் கால்வாய்க்காக, விளைந்துவந்த நெல்மீது இயந்திரங்கள் இறங்கின. 2006 முதல் 2013 வரையான ஆண்டுகளில் எடுக்கப்பட்ட நிலம், பயிரிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம் என்றது நிறுவனம். சட்டப்படி அதில் வலு இருக்கலாம். ஆனால் பத்தாண்டு ஒரு நிலம் சும்மா கிடக்க, அதில் உழுது வாழ்ந்தவன் விதைப்பதை யாரும் தடுக்காதபோது, அந்த மௌனமே ஓர் அனுமதி. அறுவடை வரை சில வாரம் பொறுத்திருக்கலாம். பத்தாண்டு பொறுத்தவர்களுக்கு அது முடியாததா? சென்னை உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சொன்னது. அழிந்த பயிருக்காவது ஒரு மதிப்பு உண்டு என்று ஆயிற்று.

தாமதத்துக்கு அரசு மட்டுமா காரணம் என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆட்சேபம் கேட்க நாள் வேண்டும். உரிமையாளர்களே தடையாணை வாங்குவதும் உண்டு. அவசரத்தின் தீங்கும் சிறிதில்லை: சேலம் எட்டுவழிச் சாலைக்கு அளவைக்கல் நட்ட வேகத்தையும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்ததையும் மறக்க முடியாது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது; ஊர்களின் கலக்கம் நீங்கவில்லை. எனவே நிதானம் வேண்டும்தான். அது இருக்க வேண்டிய இடம் அறிவிப்புக்கு முன்னால். பணம் இருக்கிறதா, மாற்றுப்பாதை உண்டா, இவ்வளவு ஏக்கர் தேவையா என்று அரசு எத்தனை ஆண்டு யோசித்தாலும் விவசாயிக்கு நட்டமில்லை. சர்வே எண் வெளியான நாளிலிருந்து ஓடுவது அவனுடைய காலம். வழக்குப் போட்டவன் தன் உரிமையைக் கேட்டான். அதைத் தாமதக் கணக்கில் எழுதி, வழக்கே போடாத பக்கத்து வயல்காரனையும் காக்க வைப்பது தகாது.

2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்தது. முதல்நிலை அறிவிப்புக்குப் பின் 12 மாதத்தில் எடுப்பதை உறுதிசெய்யும் விளம்புகை, அதன்பின் 12 மாதத்தில் இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்வம், இல்லையேல் நடவடிக்கை காலாவதி. ஆனால் கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது. கடன்பட்டவனே தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றால் அது என்ன கெடு? சந்தை மதிப்பும் முதல்நிலை அறிவிப்பு நாளோடு நின்றுவிடுகிறது. இடைக்காலத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு சேரும்; நெடுஞ்சாலை வரப்போகும் ஊரில் அடுத்த காணியின் விலை அந்த வேகத்திலா ஏறுகிறது?

இந்தச் சட்டத்துக்கு முன்பே தொடங்கிய பெங்களூரு–மைசூரு சாலைத் திட்ட வழக்கு இதற்குச் சான்று. 2003இல் அறிவிப்பு, 2005இல் நிலம் கையகம்; 2019 வரை இழப்பீட்டுத் தீர்வம் இல்லை. 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, 2019 ஏப்ரல் 22இன் சந்தை மதிப்பைக் கொடு என்றது. தாமதித்தவன் தாமதத்தில் லாபம் பார்க்கக்கூடாது என்பதே அதன் சாரம். உச்ச நீதிமன்றம் வரை போகத் தெம்புள்ளவர்களுக்குக் கிடைத்த இந்த நீதி, எல்லோருக்கும் விதியாக வேண்டும்.

நிலமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். குத்தகைக்கு உழுகிறவர், களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் போகிறவர். சட்டம் இவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. ஆனால் நில உடைமையாளர் நடவை நிறுத்திய அன்றே வேலை இழந்தவருக்கு, தீர்வம் வரும் நாள்வரை எந்த ஏடும் வரவு வைப்பதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவு. பணம் ஒதுக்காமல் அறிவிப்பு வெளியிடக்கூடாது. நீட்டிப்பு வேண்டுமானால் நீட்டிக்கும் ஆண்டின் சந்தை மதிப்பை அரசு தர வேண்டும். கையகப்படுத்தி ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலத்தை உரிமையாளரிடமோ அரசின் நில வங்கியிடமோ சேர்க்கலாம் என்று 101ஆவது பிரிவு இரண்டு வழி வைத்திருக்கிறது. இரண்டாவது வழியை நாடாளுமன்றம் மூட வேண்டும். பயன்படாத நிலம் உழுதவனிடமோ அவன் வாரிசிடமோ போகட்டும்.