உப்புநீரும் மூன்று அளவைகளும்

வைகாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்த நீர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கு வந்து சேரும். அங்கே எண்ணெய் ஊற்றாமல் கடல்நீரிலேயே விளக்கு எரிப்பதாகச் சொல்வார்கள். அடுத்த திங்கள் நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். மதுரையை எரித்துவிட்டு வந்தவள் கிழவி உருவில் இடைச் சிறுவர்களைக் கண்டு விளக்கேற்றச் சொன்னாளாம். எண்ணெய் இல்லையே என்றார்கள் சிறுவர்கள். கடல்நீரை அள்ளி ஏற்றுங்கள் என்றாளாம் அவள். வன்னியில் இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்தவர்கள் குறைவு.

முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு ஓமின் விதியும் தெரியும், உப்புநீர் மின்னைக் கடத்தும் என்பதும் தெரியும். விளக்கு எரிவது அதனால்தானோ என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றினால் வியப்பில்லை. தோன்றியதைக் கணக்கிட்டுப் பார்க்கவும் வேண்டும்.

ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர சென்ரிமீற்றர் குறுக்குவெட்டும் கொண்ட குழாயில் கடல்நீரை நிரப்பினால், அதன் தடை ஏறத்தாழ 2,000 ஓம். அதன் இரு முனைகளுக்கும் 1.5 வோல்ற்றுக் கலம் ஒன்றை இணைத்தால், அழுத்தத்தைத் தடையால் வகுக்க 0.00075 அம்பியர் ஓட்டம் வரும். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வலு கிடைக்கும்: 0.0011 உவாற்று. சிறிய எண்ணெய்ச் சுடரொன்று வெளிவிடும் வெப்பமே சில பத்து உவாற்று. 40 என்று வைத்தால், இடைவெளி 30,000 மடங்குக்கும் மேல். அந்த 40 உவாற்றை இதே நீரில் செலுத்த ஏறத்தாழ 283 வோல்ற்று வேண்டும். நம் வீட்டு மின்னழுத்தமோ 230. அப்படிச் செலுத்தினாலும் நீர்தான் சூடாகும், திரி எரியாது. உப்புநீரால் ஒளிரும் மின்விளக்குகள் உலகில் உண்டு. பிலிப்பைன்ஸின் ஐசா மிஹெனோ உருவாக்கிய விளக்கு 2015இல் மணிலாவில் பலராலும் பேசப்பட்டது. ஆனால் அவ்வகை விளக்குகளில் தேய்ந்து கரைவது உலோகத் தகடு. உப்புநீர் மின்னுக்கு வழிவிடுவதோடு சரி.

வேதியியல் இன்னும் நேராகச் சொல்கிறது. நீர் என்பது ஐதரசன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவது. உப்போ, சோடியமும் குளோரினும் வினைபுரிந்து ஓய்ந்தபின் வந்த பொருள். இரண்டிலும் மறுபடி எரிய எதுவும் இல்லை.

ஆகவே விளக்குக்கு மின்சாரத்தால் காரணம் சொல்ல முயல்பவர் கணக்கில் தோற்பார். அதைவிடப் பெரிய இழப்பொன்றும் உண்டு. எரியக்கூடாத ஒன்று எரிந்தது என்பதுதானே அந்தக் கதையின் உயிர்? கிழவி கேட்டது எண்ணெய்க்கு மலிவான மாற்று அல்ல. மின்னியல் அதை விளக்கிவிட்டால், அங்கே அற்புதத்துக்கு இடமில்லை; கும்பிட வந்தவருக்குக் கையில் கிடைப்பது ஒரு பரிசோதனை மட்டுமே.

சைவ சித்தாந்தத்தில் இதைத் தெளிவாக்க நல்ல கருவி உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், பொருளைப் பேசுமுன் அறியும் வழியைப் பேசுகிறது. பிறர் சொல்லும் பத்து அளவைகளை எண்ணி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. காண்டல் நேரே அறிவது. கருதல் ஒன்றைக் கொண்டு இன்னொன்றை உய்த்தறிவது. உரை நம்பத்தக்கவர் வாக்கால் அறிவது. காட்டா விநாயகர் கோயில் விளக்குக்கு ஆதாரம் உரை. அதை இழுத்து வந்து கருதலில் நிறுத்துபவர், கருதலின் தீர்ப்பையும் ஏற்றாக வேண்டும்.

மின்தடை மட்டும் கண்ணால் கண்ட பொருளா? இல்லை. மானியில் காண்பது முள்ளின் அசைவு. தடை, இரு அளவீடுகளின் விகிதமாக நாம் கருதி எடுப்பது. ஜோர்ஜ் சைமன் ஓம் 1826இல் கண்டதும் செம்பு, பிஸ்மத் இணைப்பின் மின்னோட்டத்தால் காந்த ஊசி திரும்பியதை மட்டுமே. அடுத்த ஆண்டில் நூல் வந்தபோது ஜெர்மனியில் சிலர் அதை வெறும் கற்பனை என்று தள்ளினார்கள். லண்டன் ரோயல் சொசைட்டி கொப்லி பதக்கம் தந்தது 1841இல். காண்டல் ஒன்றையே நம்பும் உலகாயதரைச் சித்தியார் ஏன் மறுக்க வேண்டியிருந்தது என்பது இங்கே புரிகிறது: உலகாயதர் வழியில் போனால் ஓமின் விதியே நிற்காது.

ஓமுக்கு முன்பே கருதலின் வழியில் நடந்தவர் ஹென்றி கவெண்டிஷ். அவர் கையிலெடுத்ததும் உப்புநீரைத்தான். மின் திருக்கை கடலுக்குள் எப்படி அதிர்ச்சி தருகிறது என்று ஆராய்ந்தவர், மழைநீரைவிடக் கடல்நீர் நூறு மடங்கு நன்றாகக் கடத்தும் என்று 1776இல் எழுதினார். 1781 அளவில் கண்ணாடிக் குழாய்களில் உப்புநீர் நிரப்பி, தன் உடலையே சுற்றில் இணைத்து, அதிர்ச்சி எவ்வளவு என்று உணர்ந்து குறித்தார். ஓமின் விதிக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார், வெளியிடவில்லை. அந்தக் குறிப்புகளை ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் பதிப்பித்தது 1879இல்.

கவெண்டிஷுக்கு அந்த அதிர்ச்சி காண்டல். அதிலிருந்து பெற்ற விகிதம் கருதல். இன்று அதை வாசிக்கும் நமக்கு அது உரை: நேர்மையான ஒருவர் எழுதினார், இன்னொருவர் பதித்தார், நம்புகிறோம். ஆனால் இந்த உரையை ஐயுறும் மாணவர் குழாயும் கலமும் அம்பியர்மானியும் எடுத்துத் தானே காண்டலுக்குத் திரும்பலாம். தவறென்றால் கவெண்டிஷைத் திருத்தலாம். கண்ணகையின் வாக்கு அவ்வாறு திருத்தக் கேட்கும் வாக்கு அல்ல. தீர்த்தக் குடத்தின் பின்னே நடப்பவர் அதைச் சோதிக்கப் போவதில்லை. நேர்ந்ததைச் செலுத்தப் போகிறார்.